ஹைதர் அலி நம்பிய பாதிரியார்



மாலை மக்தப் முடிந்து தம் பிள்ளையை அழைத்துச் செல்ல வந்த ஒரு தாய் அண்மையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஹஜ்ரத், என் மூத்த மகன் கிறிஸ்தவப் பள்ளியில் படிக்கிறான். அவனுடைய நெருங்கிய நண்பனின் வீட்டார் நல்ல மனிதர்கள். ஆனால் தங்கள் மதத்தில் மிகுந்த பிடிப்புள்ளவர்கள். சாப்பிடும் முன் ஜெபிக்கிறார்கள், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறார்கள், ஈஸா நபியைப் பற்றித் தாங்கள் நம்புவதை மறைக்காமல் பேசுகிறார்கள். மதத்தில் அவ்வளவு அக்கறை இல்லாத வீடாக இருந்தால் எனக்குப் பயமிருக்காது. இவர்களோடு பழக விடலாமா?"

அந்தத் தாயின் அச்சத்தை நான் குறைவாக மதிப்பிடவில்லை. பிள்ளையின் ஈமானைக் காப்பது பெற்றோரின் முதற்கடமை. ஆயினும் அவருடைய கேள்விக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. தன் மார்க்கத்தில் உறுதியாக நிற்பவர் பிற மார்க்கத்தாருக்கு ஆபத்தானவர், தளர்ந்தவரே பாதுகாப்பான நண்பர் என்பது அது. நம் மதுரையில் கோரிப்பாளையம் தர்காவின் குவிமாடமும், 1881ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அமெரிக்கன் கல்லூரியின் செங்கற் கட்டடங்களும் கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. ஆகவே இக்கேள்வி ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று. இதற்கு விடை தேடும்போது நம் மண்ணின் வரலாற்றிலிருந்தே ஒரு மனிதர் என் நினைவுக்கு வந்தார். அவர் முஸ்லிம் அல்லர். தம் மார்க்கத்தை ஒருநாளும் மறைக்காத கிறிஸ்தவப் பாதிரியார். அவரை நம்பியவரோ மைசூரை ஆண்ட ஹைதர் அலி.

மதுரைக் கோட்டையின் வெளியே

மதுரை சம்மட்டிபுரத்தில் உள்ள கான் சாஹிப் பள்ளிவாசலை நம்மில் பலர் அறிவோம். அங்கே அடங்கியிருப்பவர் யூசுப் கான், மக்கள் வழக்கில் மருதநாயகம். கிழக்கிந்தியக் கம்பெனியின் படைத்தலைவராக இருந்து, மதுரைச் சீமையை நிர்வகித்து, பின்னர் கம்பெனியையும் ஆற்காடு நவாப் முஹம்மது அலியையும் எதிர்த்து நின்றவர். 1763இலும் 1764இலும் மதுரைக் கோட்டை முற்றுகையிடப்பட்டது. இறுதியில் அவர் தம்முடன் இருந்தவர்களாலேயே காட்டிக்கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார்.

அந்தப் போரை முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையிலான போர் என்று கூற முடியாது. கோட்டைக்குள் இருந்தவர் முஸ்லிம். அவரிடம் பிரெஞ்சுக் கிறிஸ்தவ வீரர்கள் பணியாற்றினர். வெளியே நின்றவர்கள் ஆங்கிலேயக் கிறிஸ்தவர்கள். அவர்களின் கூட்டாளியோ முஸ்லிம் நவாப். பதவியும் வரிப்பணமும் மார்க்க எல்லைகளைப் பார்த்து அணி சேர்வதில்லை.

கோட்டைக்கு வெளியே இருந்த அந்தப் பாசறைக்கு, காயமுற்றோரையும் நோயுற்றோரையும் கவனிக்க ஒரு பாதிரியார் வந்திருந்தார். அவர் பெயர் கிறிஸ்டியன் பிரெடெரிக் சுவார்ட்ஸ். 1726இல் பிரஷ்ய நாட்டில் பிறந்தவர். ஹாலே நகரில் கல்வி பயின்று, 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த லுத்தரன் மிஷனரி. தமிழைத் தேர்ந்து கற்றவர். நவாபின் முஸ்லிம் குடும்பங்களும் அதிகாரிகளும் வாழ்ந்த திருச்சிராப்பள்ளியில் பணிபுரிந்தபோது, அவர்களோடு அவர்கள் மொழியிலேயே உரையாட வேண்டும் என்பதற்காகப் பாரசீகமும் ஹிந்துஸ்தானியும் கற்றுக்கொண்டார்.

உரையாடல் என்றால் நலம் விசாரிப்பு மட்டுமன்று. அவர் தம் மார்க்கத்தை எடுத்துரைத்தார். மற்றவர்கள் அதை ஏற்க வேண்டும் என்று விரும்பினார். அதை ஒளிக்கவும் இல்லை. நம்முடைய அகீதாவின்படி ஈஸா (அலை) அவர்கள் அல்லாஹ்வின் தூதர். அவர் இறைவனின் மகன் அல்லர். இதில் நமக்கும் சுவார்ட்ஸுக்கும் இடையே பாலம் போட இயலாத வேறுபாடு உண்டு. அதைக் கூறாமல் மேற்கொண்டு எழுதினால் நான் அவருக்கும் நியாயம் செய்தவனாக மாட்டேன், உங்களுக்கும் நியாயம் செய்தவனாக மாட்டேன்.

திருச்சியில் அவர் வாழ்ந்த முறையை அவரை நேரில் கண்ட ஆங்கிலேயர் ஒருவர் பதிவு செய்துள்ளார். பழைய கட்டடம் ஒன்றில் கட்டில் போடும் அளவுக்கு ஓர் அறை. உள்ளூர் முறையில் சமைத்த சோறும் காய்கறியும். கருஞ்சாயம் தோய்த்த சாதாரணத் துணியில் உடை. கம்பெனிப் படையினருக்கான பாதிரியாராக அவருக்கு ஆண்டுக்கு நூறு பவுன் ஊதியம் வந்தபோது, அதையும் பள்ளிக்கூடத்துக்கும் மிஷன் வீட்டுக்கும் செலவிட்டார். கம்பெனி ஊழியர்கள் நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்துப் பெருஞ்செல்வம் சேர்த்த காலம் அது. அந்தக் கூட்டத்தின் நடுவே, கையில் எதுவும் ஒட்டாத ஒரு வெள்ளைக்காரரை மக்கள் கவனிக்காமல் இருப்பார்களா?

ஸ்ரீரங்கப்பட்டணம் பயணம்

1779இல் சென்னை ஆளுநர் சர் தாமஸ் ரம்போல்ட் சுவார்ட்ஸை அழைத்தார். ஹைதர் அலி போருக்கு ஆயத்தமாகிறாரா, சமாதானத்துக்கு வழியுண்டா என்று நேரில் அறிந்துவர வேண்டும் என்பது பணி. ஹைதர் மற்ற தூதர்களை நம்ப மறுத்து, அந்தப் பாதிரியாரை அனுப்புங்கள், அவர் என்னை ஏமாற்ற மாட்டார் என்ற கருத்தில் கூறியதாகப் பல நூல்கள் சொல்கின்றன.

ஹைதரின் ஐயத்துக்குக் காரணம் இருந்தது. 1769 சென்னை உடன்படிக்கையில், ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவுவது என்று கம்பெனி ஒப்புக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டிலேயே மராத்தியர் மைசூரைத் தாக்கியபோது கம்பெனி உதவிக்கு வரவில்லை. 1779இல், ஹைதரின் பாதுகாப்பில் இருந்த பிரெஞ்சுத் துறைமுகமான மாஹேயையும் கைப்பற்றியது. எழுதிக்கொடுத்த வாக்கை மதிக்காதவர்கள் என்று அவர் கம்பெனியாரைப் பற்றி முடிவு செய்திருந்தார்.

சுவார்ட்ஸ் இப்பணியை ஏற்கத் தயங்கினார். இரத்தம் சிந்துவதைத் தடுக்க ஒரு வாய்ப்பு என்பதால் இசைந்தார். ஆனால் புறப்படும் முன்பே ஓர் உறுதி எடுத்துக்கொண்டார்: பயணச் செலவு தவிர, எவரிடமிருந்தும் எந்த அன்பளிப்பும் பெறுவதில்லை. அக்காலத்தில் தூது என்றாலே பரிசும் பணமுடிப்பும் கைமாறும் தொழிலாக இருந்தது. அவ்வழக்கத்தை அவர் வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

ஜூலை மாதம் திருச்சியிலிருந்து கிளம்பி, கரூர், சத்தியமங்கலம் வழியாக மலைக்கணவாய் ஏறி, ஆகஸ்ட் இறுதியில் ஸ்ரீரங்கப்பட்டணம் சேர்ந்தார். ஹைதர் அவரைத் தம் அருகில் அமரச் செய்து பேசினார். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அரசர், கடிதங்களைச் சொல்லி எழுதச் செய்து, திரும்பப் படிக்கக் கேட்டு, ஒரு சொல்லும் தவறாமல் நினைவில் வைத்து ஆட்சி நடத்தியதைச் சுவார்ட்ஸ் வியந்து எழுதினார். வெள்ளத்தால் பாலமோ சாலையோ சேதமுற்றால் ஹைதரின் நாட்டில் உடனே சீராக்கப்படுவதையும், ஐரோப்பியரின் நிர்வாகத்தில் அவை பாழாக விடப்படுவதையும் ஒப்பிட்டுத் தம் இனத்தாரைக் குறை கூறினார். குறையையும் மறைக்கவில்லை. சவுக்கேந்திய ஆட்கள் எப்போதும் ஆயத்தமாக நிற்பதையும், அச்சமே அந்த அரண்மனையை இயக்குவதையும் பதிவு செய்தார். புகழ வேண்டியதைப் புகழ்ந்து, குறையைக் குறையென்று சொல்லும் சாட்சியே நம்பத்தக்க சாட்சி.

அங்கேயும் அவர் தம் வழிபாட்டை நிறுத்தவில்லை. ஹைதரின் படையில் பணிபுரிந்த ஐரோப்பியக் கிறிஸ்தவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை நடத்தினார். இதற்கென அனுமதி கேட்டு நிற்கவில்லை, தடுத்தவர்களும் இல்லை. அரண்மனையில் உயர்ந்தோரும் எளியோரும் அவரிடம் வந்து அவருடைய மார்க்கம் பற்றிக் கேட்டனர், அவர் விடையளித்தார். ஒரு முஸ்லிம் அரசரின் அவையில், ஒரு கிறிஸ்தவர் முழுக் கிறிஸ்தவராகவே இருந்தார். அதற்காக ஹைதர் அவரை வெறுக்கவில்லை.

இதைப் படிக்கும்போது நஜ்ரான் நாட்டுக் கிறிஸ்தவர்களின் தூதுக்குழு மதீனா வந்த நிகழ்ச்சி நினைவுக்கு வராமல் இராது. ஈஸா (அலை) அவர்களைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோடு அவர்கள் விவாதித்தனர், உடன்பாடு ஏற்படவில்லை. ஆயினும் அவர்களுடைய வழிபாட்டு நேரம் வந்தபோது, மஸ்ஜிதுந் நபவியிலேயே அவர்கள் தம் முறைப்படி தொழ அனுமதிக்கப்பட்டதாக ஸீரா ஆசிரியர் இப்னு இஸ்ஹாக் பதிவு செய்கிறார். கொள்கை வேறுபாடு சற்றும் மழுங்காமல் வெளிப்பட்டது, அதன் பிறகும் உடன்படிக்கை எழுதப்பட்டது, பாதுகாப்பும் அளிக்கப்பட்டது.

முந்நூறு ரூபாய்

விடைபெறும்போது ஹைதர் பயணச் செலவுக்கென முந்நூறு ரூபாயை அனுப்பினார். சுவார்ட்ஸ் மறுத்துப் பார்த்தார். அரசர் கொடுத்ததைத் திருப்புவது அவமதிப்பாகும் என்ற நிலையில் பெற்றுக்கொண்டு, சென்னை திரும்பியதும் அதைக் கம்பெனி அரசிடம் ஒப்படைத்தார். நீரே வைத்துக்கொள்ளும் என்று அவர்கள் வற்புறுத்தியபோது, தஞ்சாவூரில் அனாதைக் குழந்தைகளுக்கான பள்ளிக்கூடத்துக்கு அதை முதல் தொகையாக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

ஏன் அனாதைகள்? அந்தப் பயணத்தில் அவர் கண்ட காட்சி ஒன்று உண்டு. ஹைதர் தம் நாட்டில் அனாதைச் சிறுவர்களைக் கைவிடாமல், உணவும் உடையும் கொடுத்து வளர்ப்பதையும், அவர்களுக்கு மரத்துப்பாக்கிகள் தந்து பயிற்சியளிப்பதையும் சுவார்ட்ஸ் எழுதியுள்ளார். அவர்களைப் படைவீரர்களாக்குவதே ஹைதரின் நோக்கம் என்பது தெளிவு. இருந்தும், ஆதரவற்ற பிள்ளைகளை இன்னும் நன்றாகக் கவனிக்க நமக்கும் மனம் வர வேண்டும் என்று அந்தப் பாதிரியார் உருகினார். ஒரு முஸ்லிம் அரசரின் நாட்டில் கண்ட நல்லதொன்று, அந்த அரசரின் பணத்தைக்கொண்டே தஞ்சாவூரின் அனாதைகளைச் சென்றடைந்தது. யத்தீம்களின் உரிமையைக் குர்ஆன் எத்தனை இடங்களில் வலியுறுத்துகிறது என்பதை அறிந்த நமக்கு இந்த முந்நூறு ரூபாயின் கதை அந்நியமானதன்று.

ஆனால் தூது தோற்றது

இவ்வளவும் நடந்தபின் சமாதானம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஹைதர் தம் மனக்குறைகளை எழுதிக் கடிதமாகக் கொடுத்தனுப்பினார். சென்னை அரசு அதற்குச் செவிசாய்க்கவில்லை. 1780இல் ஹைதர் கர்நாடகத்தின் மீது படையெடுத்தார். செப்டம்பரில் பொள்ளிலூரில் ஆங்கிலப் படை பெருந்தோல்வி அடைந்தது. நாடெங்கும் வயல்கள் எரிந்தன, ஊர்கள் காலியாயின.

இங்கே நாம் கண்களை மூடிக்கொள்ளக் கூடாது. சுவார்ட்ஸ் நேர்மையானவர், அவரை அனுப்பியவர்கள் அப்படி இல்லை. அவருடைய நல்ல பெயரை முன்னிறுத்தி ஹைதரின் மனநிலையை அறிவதே கம்பெனிக்குத் தேவையாக இருந்தது. அவருடைய சொல்லைக் கேட்டு நடப்பது அவர்களுடைய திட்டத்தில் இல்லை. மார்க்கப் பற்றுள்ள நல்லவர்களை ஆட்சியாளர்கள் முகமூடியாகப் பயன்படுத்துவது எக்காலத்திலும் நடப்பது. முஸ்லிம் ஆட்சியாளர்களும் இதற்கு விதிவிலக்கல்லர். சமாதானத்தின் தூதராகப் போகிறோம் என்று நம்பிய சுவார்ட்ஸ், தம்மை அனுப்பியவர்களை இன்னும் கூர்ந்து பார்த்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆயினும் ஹைதர் அந்த வேறுபாட்டை அறிந்திருந்தார். போர் மூண்ட பின்னும், அந்தப் பாதிரியாரைத் தடையின்றிச் செல்ல விட வேண்டும், அவருக்குத் தீங்கு செய்யக் கூடாது என்று தம் படையினருக்குக் கட்டளையிட்டிருந்தார். கம்பெனி மீது கடுங்கோபம் கொண்டிருந்தவர், அதே கம்பெனியின் ஊதியம் பெற்ற ஒரு மனிதரைத் தனியே பிரித்துப் பார்த்தார். சினத்தின் உச்சத்திலும் ஒரு சமூகத்தாரை எல்லாம் ஒரே தட்டில் வைக்காமல் இருப்பது எளிதான காரியமன்று. ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை உங்களை நீதி தவறச் செய்ய வேண்டாம் என்பது இறைமறை நமக்கு இடும் கட்டளையாயிற்றே!

அந்தப் போரினால் தஞ்சாவூரில் பஞ்சம் வந்தது. கோட்டைக்குள் மக்கள் பட்டினியால் மடிந்தனர். வெளியே உழவர்களிடம் நெல் இருந்தது, மாடுகளும் இருந்தன. ஆனால் முன்னர்ப் பலமுறை ஏமாற்றப்பட்டதால் அரசரின் வாக்கையோ ஆங்கிலேயரின் வாக்கையோ அவர்கள் நம்பத் தயாராக இல்லை. சுவார்ட்ஸ் தம் சொந்தப் பொறுப்பில் விலை தருவதாக எழுதியனுப்பினார். ஓரிரு நாட்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்தன; எண்பதாயிரம் கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தின் அரசரும் தஞ்சையின் உழவரும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்திருந்தனர்.

நம்பிக்கைக்கும் எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹைதர் 1782இல் மறைந்தார். அடுத்த ஆண்டு திப்பு சுல்தானிடம் சமாதானம் பேசச் சென்ற குழுவோடு சேர சுவார்ட்ஸ் மீண்டும் புறப்பட்டார். சத்தியமங்கலத்தில் திப்புவின் அதிகாரிகள் அவரை நிறுத்திவிட்டனர். அவர் திரும்ப நேர்ந்தது. தந்தை கொண்ட நம்பிக்கை மகனுக்குத் தானாக வந்துவிடவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் அதைப் புதிதாகச் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது.

1798 பிப்ரவரி 13 அன்று சுவார்ட்ஸ் தஞ்சாவூரில் இறந்தார். அவரிடம் வளர்ந்த சரபோஜி மன்னர் லண்டனில் சிற்பி பிளாக்ஸ்மேனைக் கொண்டு ஒரு பளிங்குச் சிற்பம் செய்வித்தார். மரணப் படுக்கையில் இருக்கும் பாதிரியாரின் கையை மன்னர் பற்றியிருக்கும் அச்சிற்பம், தஞ்சைச் சிவகங்கைக் கோட்டையில் உள்ள சுவார்ட்ஸ் ஆலயத்தில் இருக்கிறது. சரபோஜி இறுதிவரை இந்துவாகவே வாழ்ந்தார். ஹைதர் முஸ்லிமாகவே மறைந்தார். சுவார்ட்ஸ் அவர்களிடம் தம் மார்க்கத்தைப் பேசினார். அவர்கள் ஏற்கவில்லை. அதனால் உறவு முறியவும் இல்லை.

அந்தத் தாய்க்கு நான் சொன்னது

நபித்துவத்துக்கு முன்பே நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை மக்கா மக்கள் அல்அமீன் என்று அழைத்தனர். அவர்களைக் கொல்லத் திட்டமிட்டவர்களின் அமானிதப் பொருள்களே அவர்களிடம் இருந்தன. ஹிஜ்ரத் புறப்படும் இரவில், அவற்றை உரியவர்களிடம் ஒப்படைக்க அலீ (ரலி) அவர்களை மக்காவில் விட்டுச் சென்றார்கள். எந்த மனிதரையும் நம் நபியோடு ஒப்பிட மாட்டோம். ஆயினும் அமானிதம் பேணும் பண்பைப் பிறரிடம் கண்டால் அதை அடையாளம் காணத் தெரியாதவர், தம் நபியின் வாழ்க்கையைச் சரியாகப் படித்தவராக மாட்டார். அபிசீனியாவின் கிறிஸ்தவ அரசர் நஜாஷியிடம், அவர் நீதியுள்ளவர் என்ற ஒரே காரணத்துக்காகத்தானே முதல் முஹாஜிர்கள் அனுப்பப்பட்டார்கள்? ஜஅஃபர் (ரலி) அவர்களும் அந்த அவையில் ஈஸா (அலை) பற்றிய நம் கொள்கையைக் குறைத்துக் கூறவில்லை. அரசரின் தயவு போய்விடும் என்ற அச்சம் இருந்தும் உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். இரு பக்கமும் நேர்மை இருந்ததால்தான் அந்த அடைக்கலம் நிலைத்தது.

ஆகவே அந்தத் தாயிடம் சொன்னேன்: "அம்மா, உங்கள் மகனின் நண்பன் வீட்டார் ஜெபிப்பதைக் கண்டு பயப்படாதீர்கள். இறைவனுக்கு முன் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று நம்புகிறவர்கள், உங்கள் பிள்ளைக்குத் துரோகம் செய்யத் தயங்குவார்கள். உங்கள் மகனுக்குத் தன் தீன் தெரியுமா என்பதை மட்டும் கவனியுங்கள். ஈஸா நபியைப் பற்றி அவர்கள் பேசும்போது, நம் குர்ஆன் என்ன சொல்கிறது என்று மரியாதையோடு சொல்ல அவனால் முடிய வேண்டும். மக்ரிப் நேரம் வந்தால் அவர்கள் வீட்டிலேயே ஒரு மூலையில் தொழுதுவிட்டு வர அவனுக்குக் கூச்சம் இருக்கக் கூடாது. ஹலால் இல்லாத உணவை இன்முகத்தோடு வேண்டாம் என்று சொல்லத் தெரிய வேண்டும்."

அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "அவர்கள் வீட்டுப் பையனும் நம் வீட்டுக்கு வருவான் ஹஜ்ரத். சாப்பிடும் முன் அவன் கண்ணை மூடி ஜெபிக்கிறான். என் மாமியார் முகம் சுளிக்கிறார்" என்றார்.

"அவன் ஜெபித்து முடிக்கும் வரை நீங்கள் எல்லோரும் காத்திருங்கள். பிறகு பிஸ்மி சொல்லிச் சாப்பிடுங்கள்" என்றேன்.

இன்றைய சூழலில் ஒருவர் மீது ஒருவருக்கு ஐயத்தை வளர்ப்பதற்கு ஆட்கள் ஏராளம். மறுபுறம், எல்லா மார்க்கங்களும் ஒன்றே என்று மேடையில் கைகோத்து நிற்கும் நிகழ்ச்சிகளும் நடக்கின்றன. அங்கே எவரும் தம் உள்ளத்தில் இருப்பதைச் சொல்வதில்லை. ஹைதரும் சுவார்ட்ஸும் இவ்விரண்டையும் செய்யவில்லை. தாங்கள் யார் என்பதை மறைக்காமலே ஒரே விரிப்பில் அமர்ந்து பேசினார்கள். அமானிதம் பேணுவோராகவும், அதைப் பிறரிடம் கண்டால் மதிப்போராகவும் நம் பிள்ளைகளை அல்லாஹ் ஆக்குவானாக. ஆமீன்.